மடியும் கையெழுத்தும்

மதீனாவை ஒட்டிய குபாவில், பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு சிறுவன் விளையாடிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் வந்த நபித்தோழர் உமர் அவனைத் தூக்கித் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டார். அவன், உமர் தலாக் சொன்ன அன்சாரி மனைவிக்குப் பிறந்த சொந்த மகன் ஆஸிம்தான். ஆனாலும் தாய்வழிப் பாட்டி விடவில்லை. வழக்கு கலீஃபா அபூபக்ரிடம் போனது. பிள்ளையை விட்டுவிடச் சொல்லித் தீர்ப்பானது. உமர் மறுபேச்சுப் பேசவில்லை என்கிறது இமாம் மாலிக்கின் முவத்தா. அந்த ஆஸிமின் மகள் பெற்ற பிள்ளைதான், நீதிக்குப் பெயர்போன கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ்.

இதற்கு முன்னோடியும் உண்டு. அதற்குமுன் உஹத் போரில் உயிரிழந்த ஹம்ஸாவின் மகளை யார் வளர்ப்பது என்று 629இல் நபித்தோழர்கள் அலீ, ஸைத், ஜஅஃபர் மூவரும் போட்டியிட்டார்கள். ஜஅஃபரின் மனைவி அச்சிறுமியின் தாய்க்குச் சகோதரி. தாயின் சகோதரி தாய்க்குச் சமம் என்று சொல்லி, நபிகள் நாயகம் பிள்ளையை அந்த வீட்டுக்கே அனுப்பினார்.

பிள்ளை வளர்க்கும் இந்த உரிமைக்கு ஹளானத் என்று பெயர். அணைத்து வைத்துக்கொள்ளும் மடியிலிருந்து பிறந்த சொல். எத்தனை வயதுவரை? ஆண்பிள்ளை தானே உண்டு, குடித்து, உடுத்தி, கழுவிக்கொள்ளும்வரை என்றனர் ஹனஃபி சட்டப் பிரிவின் அறிஞர்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் கஸ்ஸாஃப் அதை ஏழு வயது என்று கணக்கிட்டார். வாழ்க்கையைப் பார்த்துச் சொன்ன அளவுகோல் அப்படித்தான் எண்ணாக இறுகியது. பெண்பிள்ளைக்குப் பருவமடையும்வரை. ஷாஃபி பிரிவினரோ விவரம் தெரியும் வயதில் பிள்ளையையே கேட்கச் சொன்னார்கள். ஆகவே தமிழகத்தில் ஹனஃபி ராவுத்தர் வீட்டுக்கு ஒரு விதி, காயல்பட்டினத்து ஷாஃபி வீட்டுக்கு வேறு விதி.

தாய் அந்நியரை மறுமணம் செய்தால் இந்த உரிமை பொதுவாகக் கைமாறும், பெரும்பாலும் அவளுடைய தாய்க்கு. தகப்பனின் மறுமணத்துக்கு அப்படியொரு தடை எழுதப்படவில்லை; தராசு அங்கே கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது.

பெரிய சிக்கல் இன்னொன்று. மடி தாயுடையது, கையெழுத்து தகப்பனுடையது. சொத்துக்கும் திருமணத்துக்கும் காப்பாளர் தகப்பன். விலாயத் எனும் அந்த அதிகாரம் தனி. 1918இல் இமாம்பந்தி வழக்கில் இது இந்தியாவில் அழுத்தமாகப் பதிந்தது. மைனர் பிள்ளைகளின் பங்கைத் தாய் விற்றது செல்லாது என்றது லண்டன் பிரிவி கவுன்சில். நீதிமன்றம் நியமிக்காத தாய்க்கு அந்த அதிகாரம் இல்லையாம். தீர்ப்பை எழுதியவர் அந்த அவையின் முதல் இந்திய உறுப்பினர் சையத் அமீர் அலி. பிள்ளையின் நலனை நீதிபதி பார்க்க வேண்டும் என்ற 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் அதற்கு முன்பே இருந்தது. பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்குகளில் இன்று தாய்மாருக்குக் கைகொடுப்பது அதுதான்.

எகிப்திலோ, பிள்ளை தாயிடம் வளரும் வயது வரம்பு படிப்படியாக ஏறியது. 1985இல் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 12; 2005இல் இருவருக்கும் 15. பிள்ளையை வைத்திருப்பவருக்கே அதன் படிப்பு பற்றிய முடிவும் என்று 2008இல் சட்டம் வந்தது. சொத்து மட்டும் அசையவில்லை: 1952 சட்டப்படி தகப்பன், அவருக்குப்பின் தகப்பனின் தகப்பன். 2023 ரமளானில் அங்கே ஒளிபரப்பான ‘தஹ்த் அல்-விஸாயா’ (காப்பாளர் அதிகாரத்தின் கீழ்) தொடரில், மோனா ஸகி நடித்த விதவை, பிள்ளைகளின் வயிற்றுப்பாட்டுக்காகத் தன் கணவனின் மீன்பிடிப் படகையே எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.