குளிர்பதன வாயுவை வீட்டிலேயே ஏற்றுதல்: உடல்நல ஆபத்துகளும் முதலுதவியும்

ஃப்ரிட்ஜ் எனப்படும் குளிர்பதனப் பெட்டி திடீரெனக் குளிராமல் போனால், உள்ளே இருக்கும் இன்சுலின் கெட்டுவிடுமோ என்ற அச்சம் இயல்பானதே. அந்தப் பதற்றத்தில் சிறு உருளை ஒன்றை வாங்கி, தாமே 'கேஸ் ஏற்ற' முற்படுவது உயிருக்கு ஆபத்தானது. மருந்தைக் காக்க எளிய வழிகள் உள்ளன. எனவே அவசரப்பட வேண்டியதில்லை.

முதலில் அறிய வேண்டியது

குளிர்பதன வாயு மூடிய குழாய்களுக்குள்ளேயே சுழல்வது. பயன்படுத்துவதால் அது தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயு ஏற்றினால், அது மீண்டும் வீட்டிற்குள்ளேயே வெளியேறும். மின்னழுத்தக் குறைவு, கதவின் ரப்பர் விளிம்பு தளர்தல், பின்புறக் கம்பிவலையில் தூசி படிதல் ஆகியவற்றாலும் குளிர்ச்சி குறையலாம். மின்னிணைப்பைத் துண்டித்தபின் இவற்றை நீங்களே பார்க்கலாம். குழாய்களையும் கம்ப்ரசரையும் பயிற்சி பெற்ற பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

உடலுக்கு நேரும் கேடுகள்

• குளிர்க்காயம்: ஆர்-22, ஆர்-32 போன்றவை திரவ நிலையில் பீறிட்டால் சுழியத்திற்குக் கீழ் 40 டிகிரி செல்சியசையும் தாண்டிக் குளிர்கின்றன. தோலும் கண்ணும் நொடிப்பொழுதில் உறைந்து சேதமடையும்.

• மூச்சுத்திணறல்: இவ்வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. மூடிய சிற்றறையிலும் படகின் அடித்தளத்திலும் தரையோடு தேங்கி, உயிர்வளியை விலக்கிவிடும். பலவற்றிற்கு மணமில்லாததால் கசிவு தெரிவதில்லை.

• இதயத் துடிப்புக் கோளாறு: மிகுதியாக உள்ளிழுத்தவரின் இதயம் அட்ரினலினால் எளிதில் தூண்டப்படும். பயந்து ஓடினால்கூடத் துடிப்பு தாறுமாறாகலாம்.

• தீயும் நச்சுப்புகையும்: புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ எளிதில் தீப்பற்றும். ஏசியில் பயன்படும் ஆர்-290, ஆர்-32 ஆகியவையும் தீப்பற்றக்கூடியவை. ஃபுளோரின் கலந்த வாயுக்கள் சுடரில் பட்டால் நுரையீரலைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உண்டாகும்.

2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்தில் உள்ள தனியார் மகளிர் விடுதியில், குளிர்பதனப் பெட்டியிலிருந்து பரவியதாகக் கூறப்பட்ட தீயில் அன்றே இரு பெண்கள் உயிரிழந்தனர். அது வாயு ஏற்றியதால் நேர்ந்தது என்று கருத வேண்டாம். அடைபட்ட கட்டடத்தில் புகை எவ்வளவு விரைவில் உயிரைப் பறிக்கும் என்பதற்கு அதுவே சான்று.

முதலுதவி

1. கசிவை உணர்ந்தால் அனைவரையும் வெளியேற்றுங்கள். போகும் வழியில் கதவு, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். சுடர் ஏற்றாதீர்கள், மின்விசைகளைப் போடவோ அணைக்கவோ வேண்டாம்.

2. மயங்கி விழுந்தவரை மீட்க, காற்றோட்டமில்லாத அறைக்குள் தனியே நுழையாதீர்கள். தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணிலும், ஆம்புலன்சை 108 என்ற எண்ணிலும் அழையுங்கள்.

3. வாயுவை உள்ளிழுத்தவரைத் திறந்த வெளியில் அமைதியாக அமரவோ படுக்கவோ வையுங்கள், நடக்கவிடாதீர்கள். மூச்சு நின்றிருந்தால் மார்பழுத்த முதலுதவியைத் தொடங்குங்கள்.

4. உறைந்த தோலை வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 30 நிமிடம் வைத்திருங்கள். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள், பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதையும் தடவாதீர்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள்.

5. கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து, தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ செல்லும்போது, குளிர்பதன வாயு பட்டது என்பதையும் உருளையில் எழுதியுள்ள வாயுவின் பெயரையும் தவறாமல் கூறுங்கள். அட்ரினலின் போன்ற மருந்துகளை எச்சரிக்கையோடு அளிக்க இத்தகவல் உதவும். நச்சுப்புகையைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். ஆகவே நலமாகத் தோன்றினாலும் மருத்துவக் கண்காணிப்பு தேவை.

பெட்டி பழுதான நாளில் இன்சுலினைக் காப்பது எப்படி?

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் வகைகள் பெரும்பாலானவை 30 டிகிரி செல்சியசுக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ 4 வாரம் வரை கெடாமல் இருக்கும். உங்கள் மருந்தின் உறையில் உள்ள காலவரம்பைப் பாருங்கள். கோடையில் மதுரை வீடுகளில் வெப்பம் இந்த அளவைத் தாண்டுவதால், மருந்தை நீர் புகாத டப்பாவில் இட்டு மண்பானையினுள் வையுங்கள். அப்பானையை ஈரமணல் நிரப்பிய அகன்ற பாத்திரத்தில், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் நிறுத்தி, மணல் உலராமல் நீர் தெளித்து வாருங்கள். திறக்காத குப்பிகளை அண்டை வீட்டாரின் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லலாம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. பனிக்கட்டியில் நேரடியாகப் படவிடவும் வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. நிறம் மாறியோ கட்டிபட்டோ இருந்தால் பயன்படுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். ஐயத்தின் பேரில் ஊசி போடுவதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.