பதிவேட்டில் யார் பெயர்?

1937இல் வந்த மரிஹுவானா வரிச் சட்டப்படி, நோயாளிக்குக் கஞ்சா டிங்க்சர் கொடுக்க நினைக்கும் அமெரிக்க டாக்டர் முதலில் அரசாங்கத்திடம் தன் பெயரைப் பதிந்து, வருடத்துக்கு 1 டாலர் வரி கட்ட வேண்டும். பதிந்தவர்களுக்குள் சரக்கு கைமாறினால் அவுன்சுக்கு 1 டாலர். பதியாதவரிடம் போனால் 100 டாலர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் டாக்டர் வில்லியம் உட்வார்ட் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று இந்தச் சட்டத்தை எதிர்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. நோயாளிக்கு எழுதித் தரும் மருந்துச் சீட்டுக்கு வரிவிலக்கு உண்டு. ஆனாலும் படிவம், கணக்கு, சிக்கினால் வழக்கு என்று வரிசையாக வந்தபோது எந்த டாக்டர் மெனக்கெடுவார்? 1942இல் அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்து நூலிலிருந்தே கஞ்சா போய்விட்டது. அது அந்த நூலில் ஏறியது 1850இல். அதற்கு 11 வருடம் முன்புதான் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த வில்லியம் ஓஷானஸி, மூட்டுவாதத்துக்கும் ரணஜன்னிக்கும் கைக்குழந்தையின் வலிப்புக்கும் அதைக் கொடுத்துப் பார்த்து எழுதியிருந்தார்.

நான் மருந்தாளுநர். சொந்த ஊர் திருநெல்வேலி. வேலை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மருத்துவக் கஞ்சா கொடுக்கும் கவுன்ட்டரில். வருகிறவரின் பெயர் மாநிலப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பேச ஆரம்பிக்கவே முடியும். தினமும் பார்க்கும் அந்தப் பதிவேடு எப்படி வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது ஒன்று தெளிவாகப் பட்டது. 1937இல் டாக்டர் பெயரைக் கேட்ட அரசு, அறுபது வருடம் கழித்து நோயாளியின் பெயரைக் கேட்டது. முதல் பதிவேடு மருந்தை விரட்டுவதற்காக வந்தது. இரண்டாவது நோயாளியைக் காப்பாற்ற வந்தது. இந்த வித்தியாசத்தை மறந்து எழுதப்பட்ட விதிகளால்தான் நோயாளிகள் இன்றும் அவதிப்படுகிறார்கள்.

1970இல் மத்திய அரசின் சட்டம் கஞ்சாவை முதல் பட்டியலில் போட்டது. மருத்துவப் பயன் எதுவும் இல்லாதது என்று அதற்கு அர்த்தம். அப்படிப்பட்ட பொருளுக்கு டாக்டர் மருந்துச் சீட்டு எழுத முடியாது. வாஷிங்டனில் ராபர்ட் ராண்டால் என்ற இளைஞருக்குக் கண் அழுத்த நோய், பார்வை போய்க்கொண்டிருந்தது. கஞ்சா புகைத்தால் அழுத்தம் குறைவதைக் கண்டு வீட்டிலேயே செடி வளர்த்தார். 1975இல் கைதானார். பார்வையைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் செய்தது குற்றமாகாது என்று 1976இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே சமயத்தில் அரசே அவருக்குக் கஞ்சா கொடுக்கத் தொடங்கியது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் அரசு தோட்டத்தில் விளைந்து, வட கரோலினாவில் சிகரெட்டாகச் சுருட்டப்பட்டு, 300 சிகரெட் கொண்ட தகர டப்பாக்களில் வந்தது. பயனே இல்லை என்று சட்டத்தில் எழுதிவைத்த அதே அரசுதான் இதையும் செய்தது.

அரசே கஞ்சா கொடுக்கும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. எய்ட்ஸ் பரவி, நோயாளிகள் திரளாக விண்ணப்பிக்க ஆரம்பித்ததும், 1992இல் புதியவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது.

அதற்குள் சான்ஃபிரான்சிஸ்கோவில் மக்கள் தாங்களே வழி தேடிக்கொண்டிருந்தார்கள். பிரவுனி மேரி என்று ஊரே அழைத்த மேரி ஜேன் ராத்பன், கஞ்சா கலந்த பிரவுனி கேக் செய்து எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார். குமட்டலில் எதுவும் இறங்காமல் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்கள் அதற்குப் பிறகு சாப்பிட்டார்கள். போலீஸ் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது, அவர் நிறுத்தவில்லை. தன் துணைவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த டென்னிஸ் பெரோன், நோயாளிகள் வாங்கிப்போக ஒரு சங்கம் நடத்தினார். அவரும் கூட்டாளிகளும் கொண்டுவந்த 215ஆம் முன்மொழிவு 1996 நவம்பர் 5 அன்று சுமார் 56 சதவீத வாக்குகளோடு கலிஃபோர்னியாவில் சட்டமானது. அதில் பதிவேடு இல்லை, அட்டை இல்லை. டாக்டர் வாயால் சொன்னாலே போதும்.

அந்த வருடம் முடிவதற்குள் மத்திய அரசு டாக்டர்களை மிரட்டியது: கஞ்சா பயன்படுத்தச் சொன்னால் மருந்து எழுதும் உரிமமே பறிபோகும். எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டர் மார்கஸ் கோனன்ட் உள்ளிட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். நோயாளியிடம் தனக்குச் சரியென்று படுவதைச் சொல்வது டாக்டரின் பேச்சுரிமை என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று மாநிலங்களில் டாக்டர் ‘இவருக்கு இந்த நோய் இருக்கிறது’ என்று சான்று மட்டும் தருவதற்கும், சீட்டு எழுதாததற்கும் காரணம் இந்தத் தீர்ப்பும் அந்த முதல் பட்டியலும்தான்.

டாக்டருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. நோயாளிக்கு? நடுரோட்டில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் எதைக் காட்டுவது? கைதாகி, வக்கீல் வைத்து, கோர்ட்டில்தான் நிரூபிக்க வேண்டும். கீமோதெரபி எடுப்பவரால் அது ஆகிற காரியமா? 1998இல் ஓரிகன் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டம் பதிவேட்டையும் அடையாள அட்டையையும் கொண்டுவந்தது அதற்காகத்தான். 2000இல் கொலராடோ தன் அரசியல் சாசனத்திலேயே எழுதியது: 2 அவுன்ஸ், 6 செடி, பதிவேடு ரகசியம். கலிஃபோர்னியாவும் 2003இல் சட்டம் போட்டு, விரும்பியவர்களுக்கு அட்டை கொடுக்க முன்வந்தது. சான் டியேகோ, சான் பெர்னார்டினோ மாவட்டங்கள் கொடுக்க மாட்டோம் என்று வழக்காடின. 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்த பிறகுதான் விவகாரம் ஓய்ந்தது.

அட்டை மழைக்குக் குடை மாதிரி. ஆனால் மாநில எல்லைக்குள் பெய்யும் மழைக்கு மட்டும். ஏஞ்சல் ரெய்ச் என்ற கலிஃபோர்னியா நோயாளியின் வழக்கில், மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது. 2016இல் நெவாடாவில் அட்டை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு, மத்திய சட்டத்தைக் காட்டித் துப்பாக்கி விற்க மறுத்ததும் சரியென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. காப்பாற்றுவதற்காகக் கொடுத்த அட்டையே அங்கே அவருக்கு எதிரான ஆதாரமாக நின்றது. ‘என் பெயர் எங்கே போகும்?’ என்று கவுன்ட்டரில் கேட்கிறவர்களிடம் வீண் பயம் என்று நான் சொல்வதில்லை. மாநில விதி என்ன, மத்திய சட்டம் என்ன என்று இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

எங்கள் மின்னசோட்டாவுக்கு வருகிறேன். வலிப்பு நோய்க் குழந்தைகளின் பெற்றோர் சட்டமன்றப் படியேறிப் போராடினார்கள். போலீஸ் அமைப்புகள் எதிர்த்தன. அவர்கள் ஒப்புதல் இல்லாமல் கையெழுத்திடத் தயங்கினார் ஆளுநர் மார்க் டேட்டன். கடைசியில் 2014 மே மாதம் வந்த சட்டம் ஒரு சமரசம்: மாத்திரை, எண்ணெய், திரவம் உண்டு, இலையும் பூவும் கூடாது, புகைக்கக் கூடாது. 2015 ஜூலை 1 அன்று விற்பனை தொடங்கியபோது தயாரிப்பாளர்கள் இருவர்தான், தகுதி பெற்ற நோய்கள் ஒன்பதுதான். பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 200 டாலர், ஏழைகளுக்கு 50. காப்பீடு ஒரு சென்ட் தராது.

இதில் நல்லதும் இருந்தது, அதை அழுத்திச் சொல்வேன். ஒவ்வொரு பாட்டிலும் ஆய்வகச் சோதனை முடிந்து வந்தது. கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருள்களான டிஎச்சி எத்தனை மில்லிகிராம், சிபிடி எத்தனை என்று லேபிளில் இருந்தது. அளவை மருந்தாளுநர் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொன்னது. ஆனால் பூவைத் தடுத்தது மருத்துவக் காரணத்துக்காக அல்ல. செடியிலிருந்து சாறெடுத்து, சுத்திகரித்து, குப்பியில் அடைக்கும் செலவெல்லாம் நோயாளி தலையில் விழுந்தது.

தீராத வலியையும் 2016இல் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படி வந்த ஒரு பாட்டிக்கு முடக்குவாதம். விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்த மூடியை அமுக்கித் திருக அவரால் முடியவில்லை. பாட்டிலை நான் திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சை உள்ளே விட்டு, அரை மில்லி கோடு வரை இழுத்துக் காட்டினேன். அந்தக் கோடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சிவப்பு நெயில்பாலிஷால் அதே இடத்தில் ஒரு வளையம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பணம் கொடுக்கும்போது, அடுத்த மாதம் பாதி பாட்டில்தான் வாங்க முடியும் என்றார். பாதி பாட்டில் என்று ஒன்று எங்களிடம் கிடையாது. வலிக்கு மருந்து இருந்தும் அவர் பாதி மாதம் வலியோடு இருந்தார்.

2021இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 மார்ச்சில் பூ விற்பனைக்கு வந்தது. 2023இல் பதிவுக் கட்டணம் அடியோடு நீக்கப்பட்டது. அதே வருடம் ஆகஸ்ட் முதல் 21 வயது நிரம்பிய யாரும் கஞ்சா வைத்திருக்கலாம் என்றாகிவிட்டது. இனி எதற்குப் பதிவேடு என்று பலர் கேட்கிறார்கள். வலிப்பு வரும் ஏழு வயதுக் குழந்தைக்காகக் கஞ்சா வாங்க வேறு வழி கிடையாது, அதனால் வேண்டும். பதிந்தவருக்கு வரி கிடையாது, அதனால் வேண்டும். மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து சொல்ல ஒரு மருந்தாளுநர் இருப்பார், அதற்காகவும் வேண்டும். கலிஃபோர்னியாவில் எய்ட்ஸ் நோயாளிகளும் இங்கே பெற்றோர்களும் போராடி வாங்கியது இது. பெயரைக் கேட்கும் அரசு, கேட்ட பெயருக்குப் பதிலாக நோயாளிக்கு ஏதாவது தர வேண்டும். தராத விதி எதுவானாலும் அது 1937இன் மிச்சம். அதை நீக்கத்தான் வேண்டும்.