பொதியமலையின் அரிய மலர்

அரசர்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் சான்றாகின்றன. காட்டில் வாழும் ஒரு செடிக்கும் வரலாறு உண்டு. அதற்கும் சான்றுகள் உள. உலர்த்திய இலை, உயிரோடிருந்த மலரைப் பார்த்து வரைந்த ஓவியம், கண்ட இடம், கண்ட நாள் ஆகிய நான்குமே அச்சான்றுகள். இவற்றுள் கண்ட இடத்தை எழுதிவைப்பது மிக எளிய செயலாகத் தோன்றும். ஆயினும் அந்த ஒரு வரி ஒரு செடியை வாழ்விக்கவும் கூடும், அழிக்கவும் கூடும். பொதியமலையில் வாழும் ஓர் ஓர்க்கிட் செடியின் கதை இதனை நன்கு விளக்குகிறது.

பொதியமலை தமிழ்மக்கள் அனைவருக்கும் பழக்கமான பெயர். அகத்திய முனிவரின் இருப்பிடமென்றும், தென்றலின் பிறப்பிடமென்றும், சந்தனம் விளையும் மலையென்றும் நம் முன்னோர் அதனைப் போற்றினர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், தமிழ்நாடும் கேரளமும் எல்லை கொள்ளும் இடத்தில், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்துக்கு அது எழுந்து நிற்கிறது. இரு பருவமழைகளின் பயனையும் பெறும் அம்மலையில், வேறெங்கும் காணப்படாத செடிகொடிகள் பல வளர்கின்றன.

சென்னைப் படையில் அதிகாரியாயிருந்த கேணல் ஹீபர் டிரூரி என்னும் ஆங்கிலேயர் தாவரங்களில் பெரும் ஈடுபாடுடையவர். இந்தியாவின் பயன்தரு தாவரங்களைப் பற்றி 1858ஆம் ஆண்டிலேயே நூலொன்று வெளியிட்டவர். 1865ஆம் ஆண்டில் அவர் திருவிதாங்கூர்ப் பகுதி மலைகளில் இவ்வோர்க்கிட்டைக் கண்டார். சென்னை மாகாணத்துக் காட்டு இலாகாவின் தலைமை அதிகாரியாயிருந்த பெடோம் என்பவர், 1868 முதல் 1874 வரை வெளியிட்ட தமது தாவரப் படநூலில் அதனை விவரித்து, கண்டவரின் பெயரையே அதற்கு இட்டார். பின்னர் 1892இல் அது பாபியோபெடிலம் என்னும் இனத்தோடு சேர்க்கப்பட்டது. கிரேக்கரின் அழகுத் தெய்வத்துக்குரிய பாபோஸ் என்னும் நகரின் பெயரும், பாதுகையைக் குறிக்கும் சொல்லும் இணைந்து உண்டான பெயர் அது.

பெயருக்கேற்ற மலர்தான். ஒரு தண்டில் ஒரே பூ. அதன் கீழிதழ் பாதுகையின் முன்பக்கம்போலக் குவிந்து, தேன்மஞ்சள் நிறம் கொண்டிருக்கும். மேலே நிமிர்ந்து நிற்கும் இதழின் நடுவிலும், பக்கத்து இதழ்களின் நடுவிலும் கருஞ்செம்மை நிறக் கோடொன்று ஓடும். ஓர்க்கிட் என்றதும் மரக்கிளையில் தொற்றி வளர்வதையே நாம் நினைக்கிறோம். இதுவோ 1,400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், புல்லும் பாறையும் கலந்த சரிவுகளில், தரையில் கிழங்குத்தண்டு படர வளர்வது.

இதன் வாழிடம் அறிஞர்களை வியக்கவைத்தது. பாதுகை ஓர்க்கிட்டுகள் இமயத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து சீனம், மலாயா, போர்ணியோ வழியாகச் சொலமன் தீவுகள் வரை பரந்துள்ளன. தென்னிந்தியாவில் இவ்வொன்றைத் தவிர வேறில்லை. நமது இலங்கையில் ஒன்றுகூட இல்லை. இதன் உறவினங்கள் அசாம், காசி மலைப் பகுதிகளில், 2,000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கின்றன. இடைப்பட்ட நிலத்தில் ஒரு காலத்தில் இவ்வினம் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டுமென்றும், தட்பவெப்பம் மாறியபோது பிற இடங்களில் அழிந்து இம்மலையுச்சியில் மட்டும் எஞ்சியதென்றும் கருத இடமுண்டு.

அக்காலத்தில் இங்கிலாந்துச் செல்வர்களிடையே ஓர்க்கிட் மோகம் தலைக்கேறியிருந்தது. கண்ணாடி வீடுகளில் அரிய மலரொன்றை வைத்திருப்பது பெருமைக்குரியதாயிற்று. வணிகர்கள் ஆட்களை அனுப்பி மலைகளை வாரிக்கொண்டுவரச் செய்தனர். டிரூரியும் பெடோமும் உண்மையை உள்ளபடி எழுதியவர்கள்; அவர்கள் எழுதியது அறிவுக்காக. ஆனால், அச்சேறிய எழுத்தை யார் எதற்காகப் படிப்பார் என்பது எழுதியவன் கையில் இல்லை. சிறு பரப்பிலே மட்டும் வாழ்ந்த செடி, அளவின்றிப் பறிக்கப்பட்டமையாலும் காட்டுத் தீயாலும் அருகியது. அது அழிந்தே போயிற்றென நெடுங்காலம் கருதினர்.

பறித்தாலும் மீண்டும் முளைக்காதா எனச் சிலர் கேட்கலாம். ஓர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. முளைக்குத் தேவையான உணவு அதனுள் இல்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணம் உணவளித்தாலன்றி அது முளைக்காது. ஆயிரமாயிரம் விதை பறந்தாலும் ஒன்றிரண்டே செடியாகும்.

இனி, இதற்கு மாறான கதையொன்று. போர்ணியோவின் வடபகுதியில், 4,095 மீற்றர் உயரமுள்ள கினாபாலு மலையில் மற்றொரு பாதுகை ஓர்க்கிட் உண்டு. ஜேர்மன் அறிஞர் ரைஹன்பாக் 1888ஆம் ஆண்டில் ரொத்சைல்டு பிரபுவின் பெயரால் அதனை அழைத்தார். அதனை விற்பனைக்குக் கொணர்ந்த சாண்டர் என்னும் வணிகர், போட்டியாளரை ஏமாற்றுவதற்காக, அது நியூகினியில் கிடைத்ததென்று பொய்யுரைத்தார். பிறர் நியூகினியில் வீணாகத் தேடினர். 1959ஆம் ஆண்டில் கினாபாலு மலையில் மீண்டும் காணப்படும்வரை அதன் உண்மை வாழிடம் மறைந்தே கிடந்தது. வணிகரின் பொய் அம்மலரை ஓரளவு காத்தது என்று சொல்லத் தோன்றும். ஆயின், எங்கே வாழ்கிறதென்று தெரியாத செடிக்காக எந்த அரசும் காட்டைக் காக்க முன்வராது. அம்மலையைச் சார்ந்த பெருங்காடு 1964ஆம் ஆண்டிலேதான் காப்புப் பூங்காவாயிற்று.

நம் நாட்டிலும் இடத்தைப் பற்றிய சிக்கல் இருந்தது. பேராதனைப் பூங்காவின் தலைவராக 1849ஆம் ஆண்டில் வந்த துவைற்ஸ், இலங்கைத் தாவரங்களைச் சேர்த்து எண்ணிட்டு உலகின் பல நிலையங்களுக்கு அனுப்பினார். அவர் இட்ட எண் செடியின் இனத்துக்குரியது, பறித்த இடத்துக்குரியதன்று. வெவ்வேறு மலைகளிற் பறித்தவை ஒரே எண்ணின்கீழ் அடங்கின. ஒரு செடி முன்பு எங்கே வளர்ந்தது, எங்கே அழிந்தது என்று பின்வந்தோர் ஆராய முற்பட்டபோது, அவ்வெண் பலவிடங்களில் வாய்திறக்கவில்லை. அங்கே பொய்யில்லை, ஆனால் குறைவான பதிவும் இழப்பையே தந்தது. அதே பூங்காவில் ஓவியராயிருந்த ஹர்மானிஸ் த அல்விஸும் அவர் புதல்வரும் வரைந்த ஓவியங்கள் இன்றும் மதிக்கப்படுவது, கண்டதைக் கண்டபடி காட்டுவதனாலன்றோ?

பொதியமலைச் செடி 1970களின் தொடக்கத்தில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு முதல் பாதுகை ஓர்க்கிட் இனம் முழுவதுமே சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. காட்டிலிருந்து பறித்தவற்றை நாடுகளுக்கிடையே விற்றல் கூடாது. 1922ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி நட்சன், பூஞ்சணத்தின் துணையின்றிச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஓர்க்கிட் விதையை முளைப்பிக்கக் காட்டிய வழி இங்கும் கைகொடுத்தது. திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டிலுள்ள தாவரப் பூங்காவினர் நாற்றுகளை உண்டாக்கி, மலைக்கே திருப்பியளிக்க முயன்றனர். எனினும் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகவே அது இன்றும் கணிக்கப்படுகிறது.

ஆகவே, இடத்தை எழுதுவதா, மறைப்பதா? இக்காலத்து அறிஞர் கைக்கொள்ளும் வழி நடுநிலையானது. பறித்த இடமும் நாளும் முழுமையாக எழுதப்படுகின்றன. ஆனால் நுணுக்கமான குறிப்பு பொறுப்புள்ள நிலையத்திலே காவலில் இருக்கிறது. பொதுமக்கள் படிக்கும் ஏட்டில் மலைத்தொடரின் பெயர் மட்டும் வருகிறது. டிரூரியின் நேர்மையும் வேண்டும். சாண்டரின் காலம் கற்பித்த எச்சரிக்கையும் வேண்டும்.

நேயர்களே, நம் மத்திய மலைநாட்டிலும் அரிய ஓர்க்கிட் மலர்கள் உள. மலையேறும் இளைஞர் அவற்றைக் கண்டால் பறியாது விடுக. நாளையும் இடத்தையும் தம் குறிப்பேட்டில் எழுதி, பேராதனைக்கு அறிவித்து, ஊருக்குப் பறைசாற்றாது இருப்பாராயின், அவர் இந்நாட்டின் வரலாற்றுக்கு ஒரு நல்ல சான்றைச் சேர்த்தவராவார்.