தற்காப்பிலிருந்து மன்னிப்புக்கு

மொழிபெயர்ப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கணித மேதை ஜி. எச். ஹார்டியின் 1940ஆம் ஆண்டு நூற்பெயரை மாணவர் ஒருவர் ‘ஒரு கணிதவியலாளரின் மன்னிப்பு’ எனத் தமிழாக்கியிருந்தார். மதிப்பெண்ணைக் குறைக்கக் கை தயங்கியது. அவர் நம்பியது அகராதியை. அகராதி சொன்னது அச்சொல்லின் இன்றைய பொருளை மட்டுமே.

‘அபாலஜி’ என்னும் பெயர்ச்சொல்லும் ‘அபாலஜெட்டிக்’ என்னும் பெயரடையும் ‘அப்பொலோகியா’ என்ற கிரேக்கச் சொல்வழி வந்தவை. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பை எடுத்துரைக்கும் பேச்சுக்கு அதுவே பெயர். கி.மு. 399இல் எழுபது வயதுச் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதியதும் அத்தகைய உரைதான். அதில் மன்னிப்பு மருந்துக்கும் கிடையாது. பிள்ளைகளை அழைத்து வந்து நிறுத்தி இரக்கம் தேட அவர் மறுக்கிறார். குற்றவாளி எனத் தீர்ப்பான பிறகு, தமக்குரிய தண்டனையை முன்மொழியச் சொன்னபோதும், நகரம் தமக்குப் பொதுச்செலவில் உணவளிப்பதே தகும் என்கிறார்!

கி.பி. 197ஆம் ஆண்டையொட்டித் தெர்த்துல்லியன், கிறித்தவர்களுக்காக உரோமை ஆளுநர்களை நோக்கி எழுதிய நூலின் பெயரும் இச்சொல்லிலிருந்து வந்ததே. சர் பிலிப் சிட்னி கவிதைக்காக வாதாடிய நூல் 1595இல் இரு பதிப்புகளாக வந்தது. ஒன்றின் தலைப்பில் ‘டிஃபென்ஸ்’, மற்றொன்றில் ‘அபாலஜி’. இரண்டும் ஒருபொருட் பன்மொழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின் எப்படித் தடம் மாறியது? மனம் நொந்தவரிடம் ‘நான் தவறாக எண்ணிச் செய்யவில்லை’ என விளக்குவதும் தற்காப்பே. அந்த விளக்கத்தில் பணிவு ஏற ஏற, வாதம் தேய்ந்து வருத்தம் எஞ்சியது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தற்காப்புப் பொருளோடு வழங்கிய பெயரடை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் குற்றவுணர்வின் சாயலைப் பெற்றது. இன்று ஒருவர் ‘அபாலஜெட்டிக்காக’ நின்றார் என்றால் தலைகுனிந்து நின்றார் என்றே கொள்கிறோம். சமயத் தத்துவத்தில் மட்டும் பழம்பொருள் நிலைத்திருக்கிறது.

ஹார்டி மன்னிப்புக் கேட்கவில்லை. நடைமுறைப் பயன் கருதாத தூய கணிதத்துக்கு வாழ்வைக் கொடுத்தது தகுமா என்னும் கேள்விக்கு, அழகையே சான்றாக நிறுத்தி வாதாடுகிறார். இராமானுஜனுடன் இணைந்து உழைத்ததையும் தம் பெருமிதமாக அங்கே பதிவு செய்கிறார்.

‘தன்னிலை விளக்கம்’ என்று நம்மிடம் ஒரு தொடர் உண்டு. ஆனால் அதில் அலுவலகக் குறிப்பாணையின் வாடை வீசுகிறது. எனக்குச் சிலப்பதிகாரமே நினைவுக்கு வந்தது. கோவலனுக்குக் கிடைக்காதது இந்த ‘அப்பொலோகியா’தான். அவன் தன் தரப்பைச் சொல்லுமுன் வாள் வீழ்ந்துவிட்டது; கண்ணகி வழக்குரைத்தது அதன் பிறகே.

ஒருவரின் தற்காப்பை ‘மன்னிப்பு’ என மொழிபெயர்க்கும்போது, விசாரணைக்கு முன்பே அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். மாணவரின் தாளில் அச்சொல்லை அடித்துவிட்டு, ‘தன்வழக்குரை’ என்று எழுதினேன். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.