கைமாறும் கடிகாரங்கள்



வெள்ளானூர்ப் பக்கம் ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வரும் இளைஞர்கள் சிலரிடம் அண்மைக் காலமாக ஒரு பழக்கத்தைக் கவனித்து வருகிறேன். சென்ற வாரம் ஒரு தம்பியின் கையில் கறுப்பு முகப்புக் கொண்ட எச்.எம்.டி. பைலட் இருந்தது. இந்த வாரம் அதே கையில் சீக்கோ. அடுத்த வாரம் அதுவும் இருக்காது. வாங்குகிறார்கள், பத்து நாள் கட்டிப் பார்க்கிறார்கள், ஐந்நூறோ ஆயிரமோ கூட்டி விற்றுவிடுகிறார்கள், அந்தப் பணத்தில் இன்னொன்று வருகிறது. வியாபாரமா என்று கேட்டால், ‘இல்லை பாய், சும்மா ஒரு பொழுதுபோக்கு’ என்று பதில் வருகிறது.

அந்தப் பதில் சரிதானா என்று பார்ப்பதற்கு முன், கட்டிக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள் கைமாற்றுவதற்கான பொருளாக எப்படி ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அந்த வரலாற்றின் ஒரு முனை, வெள்ளானூருக்குப் பக்கத்திலுள்ள ஆவடியிலேயே கிடைக்கிறது.

1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ என்னும் தீர்மானம் நிறைவேறியது. பெரிய தொழில்களை அரசே நடத்துவது, அந்நியச் செலாவணியை விழுங்கும் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்துவது என்ற கொள்கைக்கு அந்தத் தீர்மானம் ஊர்ப்பெயரையே தந்தது. ஆவடி மக்கள் அதன் விளைவைக் கண்ணெதிரே கண்டார்கள். 1961இல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது; 1965இல் அதிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதே 1961இல், இயந்திரக் கருவிகள் செய்வதற்காக 1953இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. டாங்கியும் கைக்கடிகாரமும் ஒரே கொள்கையின் இரு பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

அதற்கு முன்பு கைக்கடிகாரம் செல்வந்தர் வீட்டுப் பொருள். சென்னையில் மவுண்ட் ரோட்டிலிருந்த பி.ஆர். அண்ட் சன்ஸ் 1849 முதல் வெள்ளைக்காரர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் கடிகாரம் விற்ற கடை. பம்பாயில் 1865 முதல் ஃபாவ்ர்-லூபா என்னும் சுவிஸ் நிறுவனம் இருந்தது. எளிய மனிதனுக்குப் பள்ளிவாசல் சுவரிலிருந்த கடிகாரமே கடிகாரம். ஐவேளைத் தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதால், நேரம் அறியும் கருவிகளின்மேல் முஸ்லிம்களுக்கு இருந்த அக்கறை மிகப் பழையது. பள்ளிவாசல்களில் நேரம் கணிப்பதற்கென்றே ‘முவக்கித்’ என்னும் பணியாளர் இருந்தார். டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னுஷ் ஷாதிர் 1371இல் அதன் மினாராவுக்கு ஒரு பெரிய சூரியக் கடிகாரம் செய்தார். பிற்காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், உஸ்மானியச் சந்தைக்கென்றே லண்டனில் ஜார்ஜ் பிரையர், மார்க்விக் மார்க்கம் போன்ற கடிகாரக்காரர்கள் கிழக்கத்திய எண்கள் பொறித்த பைக் கடிகாரங்களைச் செய்து அனுப்பினர். உஸ்மானியர் சூரியன் மறையும் நேரத்தைப் பன்னிரண்டு எனக் கொண்டதால், மஃக்ரிப் தோறும் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

எச்.எம்.டி. வந்தபின் நிலைமை மாறியது. ‘ஜனதா’ என்ற பெயரே அது யாருக்கானது என்று சொல்லிவிடும். சாவி கொடுக்கும் வாட்ச், பதினேழு கல், ஒரு தோல் பட்டை, அவ்வளவுதான். பள்ளியிறுதித் தேர்வில் தேறிய மகனுக்கும், வேலைக்குச் சேர்ந்த தம்பிக்கும், பணி ஓய்வு பெறும் தொழிலாளிக்கும் அதைக் கொடுத்தார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் அலமாரியைத் திறந்தால் இன்றும் ஒன்று கிடைக்கும். அதை விற்க வேண்டும் என்று அக்காலத்தில் யாரும் எண்ணியதில்லை. பழுதானால் ஆயில் சர்வீஸ். கண்ணாடி கீறினால் புதுக் கண்ணாடி. ஒருவர் ஆயுள் முழுவதும் ஒரே வாட்ச்.

ஆனால் தேவைக்கேற்ப வாட்ச் கிடைக்கவில்லை. அங்கேதான் கைமாற்று வியாபாரம் முளைத்தது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் ஒரு பொருளைச் சுங்க அதிகாரி கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருந்தவர்மேல் விழும். எல்லாப் பொருளுக்கும் இல்லை. சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடும் மிகச் சில பொருள்களில், தங்கத்துக்குப் பக்கத்தில் கைக்கடிகாரம் நிற்கிறது. மணிக்கட்டில் கட்டும் ஒரு சிறு பொருளைத் தங்கத்தோடு சேர்த்து எழுத வேண்டிய அளவுக்கு அன்று கடத்தல் நடந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

1962இல் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்தபின் கடைகண்ணிகளை இழந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக, 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவாயிற்று. திரும்பியவர்களில் நம் சமுதாயத்தவரும் கணிசமானவர்கள். வெளிநாட்டு வாட்ச் வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும் என்பது தமிழ்நாடு முழுவதும் அறிந்த செய்தி. சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் பறந்து பறந்து சரக்குக் கொண்டுவந்தவர்களைக் ‘குருவி’ என்றார்கள். எழுபதுகளில் வளைகுடா சபர் தொடங்கியதும் விடுமுறைக்கு வரும் சபராளியின் பெட்டியில் இரண்டு மூன்று சீக்கோ, சிட்டிசன் வாட்சுகள் இருக்கும். ஒன்று மச்சானுக்கு; மற்றது விமான டிக்கெட் செலவை ஈடுகட்ட.

உள்நாட்டுச் சரக்குக்கும் இதே கதைதான். எச்.எம்.டி.யின் ‘காஞ்சன்’ தங்க முலாம் பூசிய ஆட்டோமேட்டிக் வாட்ச். எண்பதுகளில் மாப்பிள்ளைக்குக் காஞ்சன் கட்ட வேண்டும் என்பது நாடெங்கும் ஒரு கௌரவமாகிவிட்டது. எழுதிய விலைக்கு மேல் கொடுத்தால்தான் கிடைக்கும். அந்த மேல்விலையைப் பெண் வீட்டார் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். தங்க முலாம் பற்றி ஆலிம்களிடம் மசாயில் கேட்டவர்கள், பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கிய கைக்கூலி பற்றி மட்டும் கேட்காமல் விட்டது வேறு கதை.

இந்தப் பஞ்சத்தை முடித்து வைத்தது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ வெளியிட்ட ஆஸ்ட்ரான், சுவிட்சர்லாந்தின் தொழிலையே ஆட்டிவைத்தது. நம் நாட்டில் 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஒசூரில் ஆலை எழுந்தது. பாட்டரி வாட்ச் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. மேல்விலை மறைந்தது, சாவி கொடுப்பது மறந்துபோனது. நட்டத்தில் மூழ்கிய எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

மூடியதும் மதிப்புக் கூடியது. இனி வராது என்றவுடன், யாரும் சீண்டாத ஜனதாவையும் பைலட்டையும் தேடி வாங்கத் தொடங்கினார்கள். உலக அளவிலும் அக்காலத்தில் இதே காய்ச்சல். கொரோனாக் காலத்தில் ரோலக்ஸ் கடையில் புதிதாக வாங்குவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே வாட்ச் மறுவிற்பனையில் கடை விலையைவிடக் கூடுதலாக விலைபோனது. 2022 மார்ச்சில் ஸ்வாட்ச்சும் ஒமேகாவும் சேர்ந்து ஒரு மலிவு வாட்ச் வெளியிட்ட நாளில் பல நாட்டு நகரங்களில் வரிசை நின்றது. வரிசையில் நின்ற பலர் அன்றைக்கே விற்பதற்காக நின்றவர்கள். அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் ரோலக்ஸின் மறுவிற்பனை விலை சரியத் தொடங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வெள்ளானூர்த் தம்பிகளின் ஐந்நூறு, ஆயிரம் இதன் கடைக்கோடி அலை.

அன்றைய பஞ்சத்தில் ஆபத்து கடத்தல் சரக்கு. இன்றைய பஞ்சத்தில் ஆபத்து வேறு. பழைய வாட்சின் முகப்பு காலத்தால் மங்கியிருக்கும், புள்ளி விழுந்திருக்கும். அதைச் சுரண்டிப் புதிதாக நிறமடித்து எச்.எம்.டி. என்றோ சீக்கோ என்றோ மறுபடி அச்சிடுவது மும்பை முதலிய இடங்களில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. ரீடயல் என்பார்கள். எச்.எம்.டி. ஆலையில் ஒருபோதும் வராத நிறங்களிலெல்லாம் பைலட் கிடைக்கிறது. ஒரு வாட்சின் கூட்டில் இன்னொன்றின் மெஷின், மூன்றாவதன் முள். ஓடும், நேரமும் காட்டும். ஆனால் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்குத்தான் விலை. அறியாதவர் வாங்குகிறார், பத்து நாளில் அறிந்துகொள்கிறார், அறிந்தபின் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. பலர் வாய்திறக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். தமக்கு நடந்ததைப் பிறருக்கு நடத்துவது ஒரு நியாயம்போல் ஆகிவிடுகிறது.

இதற்கு நம் மார்க்கத்தில் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் தட்டியதும், மழை பெய்து நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அவர்கள் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எல்லோரும் அறிந்த செய்தி. அவ்வளவாக அறியப்படாதது வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகத்தை விற்றார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் வாஸிலா கவனித்தார். பின்னாலேயே ஓடி, இதை இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்துக்கா என்று கேட்டார். பயணத்துக்கு என்றார் அவர். இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்றார் வாஸிலா. ஒட்டகம் திரும்பி வந்தது. விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் சினந்தார். குறையைச் சொல்லாமல் விற்பதும் கூடாது, அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் கூடாது என்று நபியவர்களிடமிருந்து தாம் கேட்டதை வாஸிலா எடுத்துச் சொன்னார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இந்நிகழ்ச்சியை இஹ்யாவில், தொழில் பற்றிய பகுதியில் பதிவு செய்திருக்கிறார்.

இதில் எனக்கு உறுத்துவது, வாஸிலா விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை, பக்கத்தில் நின்றவர். ஒரு நண்பர் ரீடயல் பைலட்டை ஒரிஜினல் என்று விற்கும்போது, தெரிந்தும் பக்கத்தில் நின்று ‘நல்ல பீஸ்’ என்று தலையாட்டுகிறவர்கள் எத்தனை பேர்? வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்காகக் கேட்பதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர், அதுவும் தடுக்கப்பட்டதே. பிறர் கையிலுள்ள வாட்சின் படத்தைக் காட்டி முன்பணம் வாங்கிவிட்டு, பிறகு அதைத் தேடிப் போவதற்கு, தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதே போதுமான விடை.

வாங்கி லாபத்துக்கு விற்பது ஹலால். அதில் ஐயம் இல்லை. உணவுத் தானியத்தைப் பதுக்குவதுபோல் இதைப் பதுக்கல் என்றும் பெரும்பாலோர் சொல்லமாட்டார்கள். ஜனதா இல்லாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. பிழை ‘பொழுதுபோக்கு’ என்ற பெயரில் இருக்கிறது. பொழுதுபோக்கு என்றால் குறை சொல்லும் கடமை தளர்ந்துவிட்டதுபோல் ஒரு மயக்கம் வருகிறது. ஜகாத்தும் மறந்துபோகிறது.

கட்டிக்கொள்ள வாங்கிய வாட்சுக்கு ஜகாத் இல்லை. விற்கும் நிய்யத்தோடு வாங்கியது வியாபாரச் சரக்கு. பெட்டியில் அப்படிப் பத்து வாட்ச் இருந்து, அன்றைய சந்தை விலையில் ஒவ்வொன்றும் 9,000 ரூபாய் என்றால் 90,000 ரூபாய். கைவசமுள்ள ரொக்கத்தோடு சேர்த்து நிஸாபை எட்டி, ஆண்டும் நிறைந்தால், வாட்சுகளுக்கு மட்டும் 2,250 ரூபாய் ஜகாத். வாங்கிய விலை கணக்கில்லை; ஜகாத் நாளின் விலைதான் கணக்கு. சென்ற ரமளானுக்கு முன் ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, ‘அதில் மூன்று ரீடயல் பாய், ஒரிஜினல் விலை போட முடியாது’ என்றார். சரிதான், ரீடயல் விலையே போடுங்கள் என்றேன். விற்கும்போதும் அந்த விலைதானே என்று கேட்டதற்கு அவர் சிரித்தார்; பிறகு பெட்டியைத் திறந்து, அந்த மூன்றையும் தனியே எடுத்து வைத்தார்.