சிஸ்லாக்: வருடம் எழுதாத நாட்குறிப்பு

அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச், தன்னிடம் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும். எந்தக் கேபிள் கழன்றது, யார் உள்ளே வந்து அமைப்பை மாற்றினார் என்று எல்லாமே! இந்த முறைக்குப் பெயர் சிஸ்லாக்.

ஆனால் இது ஸ்விட்சுக்காகப் பிறந்ததல்ல. 1980களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன், தன்னுடைய சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதியது. வசதியாக இருந்ததால் மற்ற யூனிக்ஸ் நிரல்களும், பிறகு ரவுட்டர், ஸ்விட்ச் தயாரிப்பாளர்களும் எடுத்துக்கொண்டனர். செய்தியின் அவசரத்தைச் சொல்ல 0 முதல் 7 வரை எண்கள் உண்டு. 0 என்றால் இயந்திரமே படுத்துவிட்டது, 7 என்றால் வெறும் சோதனைக் குறிப்பு.

ஸ்விட்சின் நினைவகத்தில் மட்டும் இருக்கும் குறிப்பு மின்சாரம் போனால் அழிந்துவிடும். திருட்டுத்தனமாக நுழைந்தவரும் அழித்துவிடலாம். அதனால்தான் குறிப்புகளை வேறொரு சர்வருக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். வழக்கமாக அவை யுடிபி 514ஆம் போர்ட் வழியே போகின்றன. இது சாதாரணத் தபால் மாதிரி, ஒப்புகை அட்டை கிடையாது. வழியில் தொலைந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது!

சுமார் இருபது வருடம் எழுதப்பட்ட விதி இல்லாமலே ஓடியது. 2001இல் வந்த ஆர்எஃப்சி 3164 கூட, நடைமுறையில் இருந்ததை அப்படியே பதிவு செய்ததுதான். அந்த வடிவத்தில் மாதம், நாள், நேரம் உண்டு, வருடம் இல்லை! 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424தான் வருடத்தையும் நேர மண்டலத்தையும் சேர்த்தது. ஆனாலும் பல கருவிகள் இன்றும் பழைய வடிவத்திலேயே அனுப்புகின்றன.

தேதி சரியில்லாத வவுச்சரை எந்த ஆடிட்டரும் சும்மா விடமாட்டார். பிழை தேடுவதற்காகப் பிறந்த குறிப்பைச் சாட்சியாகப் பயன்படுத்துபவர்களுக்கும் அந்தக் கண்டிப்பு தேவை.