இரண்டு பெட்டி, ஒரு கார்

இந்த எபிசோடை என் மேஜையில நடந்த ஒரு சின்ன விபத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் கார் கிட்டோட கூரையை ரம்பத்தால அறுத்து எடுத்துட்டு, வேற ஒரு கிட்டோட கூரையை அந்த இடத்துல வெச்சு ஒட்டிக்கிட்டிருந்தேன். பசை கொஞ்சம் அதிகமாப் போச்சு. காலையில எழுந்து பார்த்தா, ஒட்டின இடம் மெழுகு மாதிரி இளகி உள்ள குழிஞ்சிருக்கு. ரெண்டு கிட்டும் போச்சு. ரெண்டு கிட்டுக்குக் கொடுத்த காசும் போச்சு.

இதுல பசையைக் குத்தம் சொல்ல முடியாது. அது தன் வேலையைத்தான் செஞ்சது. இந்த மாடல்கள் எல்லாம் பாலிஸ்டைரீன். அதுக்குப் போடுற சிமென்ட், ஃபெவிகால் மாதிரி நடுவுல நின்னு ரெண்டு பக்கத்தையும் பிடிச்சுக்கிற சமாச்சாரம் இல்ல. அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். ரெண்டு விளிம்பும் கரைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டா இறுகிடும். நிஜ காருக்கு வெல்டிங் எப்படியோ, அப்படி. ஒட்டினது காய்ஞ்ச பிறகு, "வேண்டாம், பிரிச்சுடலாம்"னு சொல்ல முடியாது.

ரெண்டு கிட்டை வெட்டி ஒண்ணாக்குற இந்த வேலைக்குப் பேர் கிட்பேஷிங். இது எங்கே, எப்படி வந்ததுங்கறதுதான் இன்னிக்குக் கதை.

1948-ல், டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில், வெஸ்ட் கல்லோக்லி என்ற ஒரு வக்கீல் ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார். பேர் அலுமினியம் மாடல் டாய்ஸ், சுருக்கமா ஏஎம்டி. முதல்ல ஃபோர்டு காரை அலுமினியத்தில் வார்த்தார்கள். சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். அது கடையில் விற்பதற்கான பொம்மை இல்லை. கார் ஷோரூம்காரர்களுக்கான விளம்பரப் பொருள். புது வருஷ மாடல் எப்படி இருக்கும், என்ன கலரில் கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்குக் காட்டலாம். அப்பா விலை பேசும்போது பையன் கையில் ஒன்றைக் கொடுத்தும் அனுப்பலாம். 'ப்ரோமோ' என்று அதற்குப் பெயர்.

கார் கம்பெனிகளே வரைபடங்களைக் கொடுத்ததால் அந்தச் சின்னக் காரில் அளவு பிசகாது. 25-ல் ஒரு பங்கு என்றால் 25-ல் ஒரு பங்குதான்.

பத்து வருஷம் கழித்து, 1958-ல், ஏஎம்டி அதே காரை ஒட்டாமல் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. அதில் ஒரு தந்திரம் இருந்தது. பெட்டிக்குள்ள ஒரு காருக்குத் தேவையானதைவிட அதிகமான பாகங்கள். '3-இன்-1' என்று பேர் வைத்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே கட்டலாம், ரேஸ் காராகக் கட்டலாம், அல்லது 'கஸ்டம்' காராகக் கட்டலாம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு பையன் அதை ரேஸ் காரா கட்டி முடிக்கிறான். மத்த ரெண்டு காருக்கான பாகங்கள் மிச்சம். தூக்கிப் போட மனசு வருமா? ஒரு காலி டப்பாவுல போட்டு வெக்கிறான். அடுத்த மாசம் இன்னொரு கிட், இன்னும் கொஞ்சம் மிச்சம். ஆறு மாசத்துல அந்த டப்பாவுல ரெண்டு மூணு இன்ஜின், ஒரு குவியல் சக்கரம், எந்தக் காருக்கும் சொந்தமில்லாத பம்பர்னு ஒரு சின்ன பழைய இரும்புக் கடையே உருவாயிடும். இந்தக் காரோட இன்ஜினை அந்தக் கார்ல வெச்சா என்னன்னு ஒரு பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவே வேண்டியதில்ல. கிட்பேஷிங்கை யாரோ ஒருத்தர் கண்டுபிடிச்சாருங்கறதைவிட, அந்த மிச்ச டப்பாதான் கண்டுபிடிச்சதுன்னு எனக்குத் தோணுது.

ஆனா அந்த 'கஸ்டம்'ங்கற வார்த்தை வந்த இடம் வேற. அதைச் சொல்லாம இந்தக் கதை முழுசாகாது.

அமெரிக்காவின் மறுகோடியில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். நம்ம ஊர் பாஷையில் டிங்கரிங், பட்டி, பெயின்டிங் எல்லாம் செய்கிற கடை. 1952 வாக்கில் பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர் தன் 1951 மெர்குரி காரைக் கொண்டுவந்து அங்கே விட்டார். அவர்கள் அதை என்ன செய்தார்கள் தெரியுமா? கூரையை அறுத்து, முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 7 அங்குலமும் இறக்கினார்கள். கதவுகளுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூணையே எடுத்துவிட்டார்கள். முன்பக்க கிரில், மூன்று 1951 ஃபோர்டு கிரில்களை வெட்டிச் சேர்த்தது. பக்கவாட்டுக் குரோம் பட்டை 1952 ப்யூக்கிலிருந்து. பின் விளக்கு 1952 லிங்கனிலிருந்து. மேலே வெளிர் பச்சை, கீழே கரும்பச்சை.

'ஹிரோஹாட்டா மெர்க்' என்ற அந்த கார் ஒரே பெயரில் ஓடிய நான்கு கார்கள். இன்றைக்குச் சின்னதாக மேஜையில் செய்கிற வேலையை அவர்கள் இரும்பில் செய்திருக்கிறார்கள். அதன் பிறகு அந்தக் காருக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. ஃபேஷன் மாறியது, மவுசு குறைந்தது. 1959-ல் ஒரு இளைஞர் அதை வெறும் 500 டாலருக்கு வாங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் விற்காமலே வைத்திருந்தார். 2022 ஜனவரியில் அது ஏலத்துக்கு வந்தபோது 19.5 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது.

அந்தக் கூரைக் கணக்கை 25-ல் ஒரு பங்காகப் போட்டுப் பார்த்தேன். 4 அங்குலம் என்பது சுமார் 4 மில்லிமீட்டர். 7 அங்குலம் சுமார் 7 மில்லிமீட்டர். பையன் கையில் இருக்கிற மெர்குரி கிட்டில் அந்த வித்தியாசத்தை வெட்ட வேண்டும். ரம்பத்தின் தடிமனே ஒரு சின்னப் பங்கைத் தின்றுவிடும்.

டெட்ராய்ட்டும் பாரிஸ் பட்டறையும் ஒரு பெட்டிக்குள் சந்தித்தது 1961-ல். பாரிஸ் கட்டிய 'ஆலா கார்ட்' என்ற கார், 1929 ஃபோர்டு ஒன்றை அடிப்படையாக வைத்தது. ஓக்லாண்ட் ரோட்ஸ்டர் கண்காட்சியில் 1958, 1959 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் என்ற பரிசை வாங்கியது. ஏஎம்டி அதை கிட்டாகப் போட்டபோது ஒரு காரியம் செய்தது: ஒரே பெட்டியில் இரண்டு கார். ஒன்று ஆலா கார்ட். இன்னொன்று சாதாரண 1929 ஃபோர்டு ரோட்ஸ்டர். "கலந்துக்கோங்க"ன்னு கம்பெனியே பெட்டிமேல எழுதாத குறை.

பெரியவங்களுக்கு அந்தக் காலத்துல இந்தக் கஸ்டம் கார் கூட்டத்து மேல நல்ல அபிப்பிராயம் இல்ல. போலீஸ்காரர் நிறுத்திச் சோதிக்கிற கார்கள் அது. கார் கம்பெனிக்காரனுக்கும், தான் வரைஞ்ச கூரையை ஒருத்தன் அறுத்து எடுக்கிறதுல என்ன சந்தோஷம் இருந்திருக்கும்? ஆனா அதே கம்பெனியோட வரைபடத்துலேர்ந்து பொறந்த கிட்டு, பன்னிரண்டு வயசுப் பையன் கையில ரம்பத்தைக் கொடுத்து, "இது உன் கார், இஷ்டப்படி வெட்டு"ன்னு சொல்லுச்சு. ஓட்ட லைசென்ஸ் கிடைக்கிறதுக்கு முன்னாடியே கார் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற அதிகாரம் அவனுக்கு வந்துடுச்சு. விலை சுமார் ஒன்றரை டாலர்.

சரி, ரெண்டு கிட்டை வாங்கிட்டா போதுமா? இங்கதான் நிறையப் பேர் அடி வாங்குவாங்க. ஏஎம்டி பெரும்பாலும் 25-ல் ஒரு பங்கு. மோனோகிராம் பெரும்பாலும் 24-ல் ஒரு பங்கு. கேட்கும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். 5 மீட்டர் நீளமுள்ள ஒரு காரை எடுத்துக்கோங்க. 25-ல் அது 200 மில்லிமீட்டர். 24-ல் 208. எட்டு மில்லிமீட்டர்! ஹிரோஹாட்டா மெர்க்கோட மொத்தக் கூரை இறக்கத்தைவிட அதிகம். இன்ஜினை மாத்தும்போது இது கண்ணுக்குத் தெரியாது. கூரையை மாத்தினா, கண்ணாடியிலேர்ந்து கதவு வரைக்கும் எதுவும் எதோடயும் சேராது. புட்டி வெச்சு, காய விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மறுபடி புட்டி. புட்டியும் காயக் காயச் சுருங்கும். இன்னிக்குச் சமமா இருந்தது அடுத்த வாரம் பள்ளமாத் தெரியும்.

அறுபதுகளில் இது தலைகீழாகவும் நடந்தது. 1966-ல் ஏஎம்டி, ஜீன் வின்ஃபீல்டு என்ற கஸ்டம் கார் கலைஞரை வேலைக்கு எடுத்து, அரிசோனாவின் ஃபீனிக்ஸில் நிஜ கார் பட்டறையே நடத்தியது. ஸ்டார் ட்ரெக் தொடரில் வருகிற கலிலியோ விண்கலத்தின் முழு அளவு உருவத்தைக் கட்டிக் கொடுத்ததும் அந்தப் பட்டறைதான். 1968-ல் மோனோகிராமுக்காக டாம் டேனியல் 'ரெட் பேரன்' என்ற காரை வரைந்தார்: பழைய ஃபோர்டு டி உடம்பு, கூரைக்குப் பதில் ஒரு ராட்சத ஜெர்மன் இரும்புத் தொப்பி, முன்னால் முதல் உலகப்போர் விமான இன்ஜின். கிட் அமோகமாக விற்கவே, சக் மில்லர் என்பவர் அதைப் பார்த்து நிஜ காரைக் கட்டினார். விமான இன்ஜினுக்கு எங்கே போவது? பான்டியாக் ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்தார். பொம்மையைப் பார்த்து நிஜத்தைச் செய்தபோதும் கிட்பேஷிங்தான் கைகொடுத்தது.

எழுபதுகளின் நடுவில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் லூகாஸின் ஆட்கள் ஸ்டார் வார்ஸ் விண்கலங்களைச் செய்தபோது, டாங்கி, கப்பல், ரேஸ் கார் கிட்களை மொத்தமாக வாங்கி, பெட்டி பெட்டியாக உடைத்து, பாகங்களை மேலே ஒட்டினார்கள். மில்லினியம் ஃபால்கன் மேல தெரியுற அந்தக் குட்டிக் குட்டிப் பைப்பும் தகடும் அப்படி வந்ததுதான். அதைப் பத்தி ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் பேசியாச்சு, விட்டுடறேன்.

எனக்கு மனசுல உறுத்துற விஷயம் வேற. ரெண்டு கிட் சேர்ந்து ஒரு கார்னா, ஒரு கார் இல்லாமப் போகுதுன்னு அர்த்தம். அதுக்கு டோனர்னு பேர் வெச்சிருக்காங்க, உறுப்பு தானம் மாதிரி. புதுசா அச்சடிச்ச கிட்னா பரவாயில்ல. அறுபதுகளோட ஒரிஜினல் கிட்னா?

அந்தக் கிட்களை வார்க்கும் எஃகு அச்சு செய்வது பெரிய செலவு. கார் கம்பெனி வருஷா வருஷம் கிரில்லையும் விளக்கையும் மாற்றும். அதற்காக ஒவ்வொரு வருஷமும் புது அச்சு செய்ய முடியாது. அதனால் போன வருஷத்து அச்சையே செதுக்கி இந்த வருஷத்து அச்சாக மாற்றிவிடுவார்கள். மாற்றியபின் பழைய கார் திரும்ப வராது. கடைசியில் பல அச்சுகளை டிராக் ரேஸ் காராகவும், மோதி மோதி ஓடுகிற ஓவல் டிராக் காராகவும் வெட்டி மாற்றினார்கள். பையன்கள் பிளாஸ்டிக்கில் செய்ததை கம்பெனிகள் எஃகில் செய்தன. இன்றைக்கு ஏஎம்டி பெயரை வைத்திருக்கும் ரவுண்ட் 2 நிறுவனம், அப்படிக் காணாமல் போன சில கார்களைப் புது அச்சு செய்து மறுபடி கொண்டுவருகிறது. அதற்கு அளவெடுக்க ஒரு பழைய கிட் எங்காவது மிஞ்சியிருக்க வேண்டும். யாரும் வெட்டாமல் விட்ட ஒன்று.

இது தெரிஞ்ச பிறகும் வெட்டலாமான்னு என்னைக் கேட்டா, வெட்டலாம்னுதான் சொல்வேன். அறுபதுகள்ல எல்லாரும் பெட்டியைப் பிரிக்காம அலமாரியில வெச்சிருந்தா, நான் இன்னிக்குப் பேசுறதுக்குக் கதையே இருந்திருக்காது. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி பெட்டி ஓரத்துல அச்சடிச்ச வருஷத்தைப் பார்த்துடுவேன்.

என் மேஜையில குழிஞ்ச அந்தக் கூரையை என்ன பண்றதுன்னு யோசிச்சேன். கரைஞ்ச பகுதி முழுக்க இறுக ஒரு வாரமாவது விடணும்னு சொல்றாங்க. விட்டிருக்கேன். இப்ப கல்லு மாதிரி இருக்கு. குழிஞ்ச பகுதியை மொத்தமா அறுத்து எடுத்துட்டா, கூரை இன்னும் 3 மில்லிமீட்டர் இறங்கும். ரம்பம் எடுத்து வெச்சிருக்கேன். எப்படி வந்ததுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.